ஏழாவது பாட்டுக்காரி

பிரெவெஸ், 9 ஆகஸ்ட் 2004

ஒரிவால்டோ,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய், உனக்கு என்ன கேடு.

இன்று காலை அக்காவின் கடைக்கு அசாயிப் பழக்கூடை எடுக்கத் துறைக்குப் போயிருந்தேன். பெலேமிலிருந்து 'நதி ராணி' படகு வந்து கரையை ஒட்டிக்கொண்டிருந்தது. மேல்தட்டு ஸ்பீக்கரில் ஒரு பாட்டு. மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் கூடவே பாடிக்கொண்டு பலகையில் இறங்குகிறார்கள். யாரோ ஒருத்தி நன்றாகப் பாடுகிறாளே என்று நானும் ஒரு நிமிஷம் தலையாட்டினேன். அப்புறம்தான் உறைத்தது, பாடுகிறவள் நான்.

கூடையைக் கீழே வைத்துவிட்டுப் படகில் ஏறினேன். சமையல்காரன் அசிஸ் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தான்.

"அசிஸ், இது யார் பாட்டு?"

"யாருக்குத் தெரியும்? ஏழுன்னு சொல்றாங்க."

"ஏழா?"

"சிடில ஏழாவதா வருதுல்ல, அதனால ஏழு. பெலேம் முழுக்க இதான் ஓடுது. நீ எந்தக் காட்டுல இருக்கே?"

சிடியை வாங்கிப் பார்த்தேன். 'ஒரிவால்டோ தொகுப்பு 31'. பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சள் காகிதம், உன் கோணல் எழுத்து. பதினெட்டுப் பாட்டு, பதினேழுக்குப் பாடியவர் பேர் இருக்கிறது. ஏழாவதுக்கு நேரே 'புதுப் பாடகி' என்று எழுதியிருக்கிறாய். ஆறு வருஷம் உன் பெண்டாட்டியாக உன் கடையில் நின்று அந்த மஞ்சள் காகிதத்தை வெட்டி வெட்டி உறையில் போட்டவள் நான். எனக்கே புதுப் பாடகியா?

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. மார்ச் மாதம், பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் மைக்கும் கிடாரும் கீபோர்டும் வைத்துப் பதிவு பண்ணிய அந்தப் பாட்டை முதன்முதலாக உனக்குப் போட்டுக் காட்டினேன். கடைவீதி முழுக்கக் கேட்கும்படி நீ சொன்னாய்: "மரினால்வா, இது மீன் கூவி விக்கிற குரல். காலைல சந்தையில நின்னா நல்லா போணியாகும்." பக்கத்து சிடிக் கடைகளில் பெனே சிரித்தான், டோனியோ சிரித்தான், குடைக்காரன் ஷிக்கோகூடச் சிரித்தான். அன்றைக்குத்தான் சுவர்க் கொக்கியிலிருந்து நான் படுக்கிற தூளியை அவிழ்த்துக்கொண்டு படகேறினேன்.

பாட்டைக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஃபோல்டருக்கு 'தொடாதே' என்று பேர் வைத்திருந்தேன். தொட்டிருக்கிறாய்.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். அசிஸிடம் கடிதம் கொடுத்து அனுப்பு. யாரைக் கேட்டு என் பாட்டைப் போட்டாய் என்று எழுது.

மரினால்வா
(எனக்கு ஒரு பேர் இருக்கிறது, படித்துப் பார்த்துக்கொள்)


பெலேம், 14 ஆகஸ்ட் 2004

அன்புள்ள மரினால்வா,

(அன்புள்ள என்று போடலாமா என்று யோசிப்பதற்குள் கை எழுதிவிட்டது. பேனா மை, அழிக்க முடியாது. இருக்கட்டும்.)

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்கு மேல்தான் போன் மலிவு, உனக்குத் தெரியும். அப்படி ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து தொகுப்பு 31-க்குப் பதினெட்டுப் பாட்டு டவுன்லோடு போட்டேன். பதினேழு சமர்த்தாக இறங்கிவிட்டது. ஒன்று மட்டும் தொண்ணூற்றேழு சதவீதத்தில் வந்து நின்றுகொண்டது. மழை வந்தது, லைன் போனது, திரும்ப வந்தது. அது அசையவே இல்லை. திங்கட்கிழமை காலையில் கடையில் சிடி இருக்க வேண்டும். ஒரு பாட்டுக்கு இடம் காலி. கையில் கிடைத்ததை எடுத்து ஏழாவதாகச் சொருகினேன். அது உன்னுடையதாக அமைந்துவிட்டது. வேறொன்றும் இல்லை.

பேர் போடாததும் வழக்கப்படிதான். புதிதாக வருகிறவர்களுக்கு யார் பேர் போடுகிறார்கள்? நீயே எத்தனை காகிதம் அப்படி வெட்டியிருக்கிறாய்.

ஆனால் என்ன நடந்தது என்று கேள். செவ்வாய்க்கிழமை ஒருத்தி வந்து "ஏழு இருக்கா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. புதன்கிழமை நாலு பேர். வெள்ளிக்கிழமை சிடி காப்பி போடும் டவரில் எட்டு ரைட்டரும் நாள் முழுக்க ஓடியது, ஒன்று சூடாகி நின்றேவிட்டது. அடுத்த வாரம் பெனே என் சிடியை வாங்கி அவன் கடையில் காப்பி போட்டான். அவனிடமிருந்து கிளெமில்டா, அவளிடமிருந்து குவாமாப் பேட்டைக்காரர்கள். இப்போது சக்ரமெந்தாவில் கோழிக்கடையில்கூட உன் பாட்டுத்தான். 'நீல இடி' சவுண்ட் செட்டில் டிஜே வால்சீர் ஒரு பார்ட்டிக்கு மூன்று தடவை போடுகிறான். "என் தூளியை அவிழ்த்துக்கிட்டேன், கொக்கிய நீயே வெச்சுக்கோ" என்று நீ இழுக்கும் இடத்தில் ஜனம் மொத்தமும் கையைத் தூக்கிக்கொண்டு கூடப் பாடுகிறது. நான் ஓரமாக நின்று பார்த்தேன்.

பெனே ஞாபகம் வந்ததும் இன்னொன்று. போன ஞாயிறு பார்ட்டியில் வால்சீர் மைக்கில் "நம்ம பெனேவுக்கு ஒரு கும்பிடு" என்று சொல்லிவிட்டான். பார்ட்டியை அப்படியே பதிவு பண்ணி, கூட்டம் கலையும்போது வாசலிலேயே சிடியாக விற்கிறார்கள் அல்லவா, வரிசையில் முதல் ஆள் பெனே. தன் பேர் வருகிறது என்பதற்காக ஐந்து வாங்கினான். சொந்தமாக எட்டு ரைட்டர் வைத்திருக்கிறவன், காசு கொடுத்து ஐந்து சிடி! இன்னும் அந்த இடத்தையே போட்டுப் போட்டு எல்லார் உயிரையும் வாங்குகிறான்.

நீ வா. வந்து உன் காதால் கேள். உன் பச்சைச் செருப்பு இங்கே இருந்தது, அசிஸிடம் கொடுத்திருக்கிறேன்.

ஒரிவால்டோ


பிரெவெஸ், 19 ஆகஸ்ட் 2004

ஒரிவால்டோ,

செருப்பு வந்தது. ஒற்றைச் செருப்பு. கடித்துக் குதறும் நாய் ஏதாவது வளர்க்கிறாயா?

வா என்கிறாய். என்னவாக வர? ஏழாகவா? மேடையில் ஏறி "வணக்கம், நான்தான் ஏழு" என்று சொல்லவா?

தொழிலை எனக்கே சொல்லித் தராதே. சிடி விற்றால் பாடுகிறவளுக்கு ஒன்றும் வராது, அது உங்கள் கடைவீதிப் பிழைப்பு. அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எத்தனை பாட்டுக்காரர்கள் நம் கடைக்கு வந்து "அண்ணே, இதையும் சேர்த்துப் போட்டு விடுங்க" என்று சும்மா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன் கொடுத்தார்கள்? பாட்டு நாலு தெருவில் ஓடினால் பேர் பரவும், பேர் பரவினால் சவுண்ட் செட்டுக்காரன் மேடைக்குக் கூப்பிடுவான். பாடுகிறவளுக்குச் சோறு அங்கேதான். நீ என் பாட்டைப் பரப்பிவிட்டாய், பேரை மட்டும் வீட்டிலேயே வைத்துக்கொண்டாய். இனி யாரை யார் கூப்பிடுவது?

அக்கா லுசிமார் பக்கத்தில் உட்கார்ந்து அசாயி வடிகட்டிக்கொண்டே, "திட்றதுக்கு இவ்வளவு பெரிய பேப்பரா? ஒரு போன் போட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்டி" என்கிறாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. போனில் நீ சிரித்துவிடுவாய், அப்புறம் என் கோபம் நிற்காது. கடிதத்தில் எழுதினால்தான் கோபம் கெடாமல் இருக்கும்.

உன் கையால் பேரை விட்டாய், உன் கையாலேயே சேர். எனக்குப் பாட வேண்டும், ஒரிவால்டோ. சும்மா குளிக்கும்போது பாடுவதைச் சொல்லவில்லை. மேடையில், என் பேரில். நான் துறையில் நின்று என் பாட்டையே கேட்டபோது ஒன்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது: நான் நன்றாகப் பாடுகிறேன். இதை இனி யாரும் என்னிடம் இல்லை என்று சொல்ல முடியாது.

மரினால்வா


பெலேம், 27 ஆகஸ்ட் 2004

மரினால்வா,

கெட்ட செய்தி இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே தொகுப்பு 32 போட்டேன். உன் பாட்டுத்தான் முதல் பாட்டு. கொட்டை எழுத்தில் 'மரினால்வா' என்று அச்சடித்தேன். யாரும் வாங்கவில்லை. "ஏழு ஏற்கெனவே வீட்ல இருக்கே" என்கிறார்கள். மற்ற கடைக்காரர்கள் பழையதையே காப்பி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காப்பியிலிருந்து காப்பி, அதிலிருந்து காப்பி. உறையில் இருக்கும் காகிதத்தை எவன் படிக்கிறான்? வெளியே போனதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

இரண்டாவது. ஜுருனாஸ் பேட்டையில் சுயெலேன் என்று ஒரு பெண், நன்றாக ஆடுவாள். போன ஞாயிறு மேடையேறி உன் பாட்டுக்கு வாயசைத்திருக்கிறாள். கூட்டம் அவள்தான் ஏழு என்று நினைத்துக்கொண்டது. அவளும் இல்லை என்று சொல்லவில்லை. செப்டம்பர் 26, ஞாயிறு மதியம் 'நீல இடி'யின் ஆண்டு விழா. "ஏழு நேரில் வருகிறாள்" என்று ஊரெல்லாம் தட்டி கட்டிவிட்டார்கள். சுயெலேனைத்தான் சொல்கிறார்கள். அங்கே ஏறுகிறவளுக்கு அப்புறம் வருஷம் முழுக்க மேடை.

நான் வால்சீரைப் பார்க்கப் போனேன்.

"வால்சீர், அது என் பொண்டாட்டி குரல்."

"அப்படியா? எங்க உன் பொண்டாட்டி?"

"பிரெவெஸ்ல, அவங்க அக்கா வீட்ல."

"சிடில அவ பேர் இருக்கா?"

"இல்ல."

"யார் போட்ட சிடி?"

"நான்தான்."

"ஏம்ப்பா, உன் பொண்டாட்டிக்கு நீயே பேர் போடல. நான் போடணுமா?"

அங்கேயிருந்து பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன். மழை முழுக்க என் தலையில்தான்.

இப்போது மூன்றாவது. இதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. தொண்ணூற்றேழில் எந்தப் பாட்டும் நிற்கவில்லை. பதினெட்டும் ஒழுங்காக இறங்கியது. நான் ஒன்றை எடுத்துவிட்டு உன்னுடையதைப் போட்டேன். நீ போன நாளிலிருந்து 'தொடாதே'யைத் தினமும் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குக் கடைவீதியில் சொன்னது பொய் என்று முதல் தடவை கேட்டபோதே எனக்குத் தெரியும். உன் குரல் வந்ததும் எனக்குப் பயம் வந்தது, வாயில் கிண்டல் வந்தது.

பேர் போடாததும் வழக்கத்துக்காக இல்லை. பாட்டு ஓடவில்லை என்றால் யாரும் உன்னைச் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். ஓடிவிட்டால் யாரும் உன்னைக் கொண்டுபோய்விடக் கூடாது என்றும் நினைத்தேன். ரெண்டையும் நினைத்தேன். ரெண்டாவதைத்தான் அதிகமாக நினைத்தேன்.

கொக்கி சுவரில் அப்படியே இருக்கிறது. ஒற்றைச் செருப்பும் இருக்கிறது, நாய் எதுவும் வளர்க்கவில்லை.

ஒரிவால்டோ


பிரெவெஸ், 1 செப்டம்பர் 2004

ஒரிவால்டோ,

உன் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு இப்போது பதில் எழுதப் போவதில்லை. அதைப் படித்த அன்று கடையில் ஒருவருக்கு அசாயியில் மரவள்ளி மாவுக்குப் பதில் உப்பைக் கொட்டிவிட்டேன். அது போதும்.

வேலையைப் பார்ப்போம். 26-ம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. சுயெலேன் மேல் எனக்குக் கோபம் இல்லை, கதவு திறந்து கிடந்தது, உள்ளே வந்தாள். நான் வந்து கதவைச் சாத்துகிறேன்.

பழைய சிடியைத் திரும்பப் பிடிக்க முடியாது என்கிறாய். சரி. பிடிக்க வேண்டாம். கடைக்காரர்களே அதைத் தூக்கி எறியும்படி செய்வோம். எப்படி என்று நீயே எழுதி அனுப்பியிருக்கிறாய், உனக்குத்தான் தெரியவில்லை. பெனே ஏன் ஐந்து சிடி வாங்கினான்?

பாட்டு நடுவில் கிடார் மட்டும் தனியாக ஓடும் இடம் இருக்கிறது, ஒன்றரை நிமிஷம். அந்த இடத்தில் நம் கடைவீதியில் சிடி விற்கிற ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறேன். டிஜே கூப்பிடுவதுபோல் ஏனோதானோ என்று இல்லை. யார், எந்த மூலை, என்ன குணம் என்று. பாட்டு "நான் மரினால்வா" என்று தொடங்கும், "நான் மரினால்வா" என்று முடியும். தன் பேர் வருகிற சிடியை எவன் காப்பி போடாமல் இருப்பான்? தன் பேர் வருகிற பாட்டை எவன் ஸ்பீக்கரை உடைக்கிற மாதிரி வைக்காமல் இருப்பான்? பழையதை வைத்தால் அவன் பேர் இல்லாமல் அல்லவா போய்விடும்.

ஆறு வருஷம் நான் அங்கே நின்றது வீண் இல்லை. இருபத்தாறு பேர் ஞாபகம் இருக்கிறது. நீ மூன்று விஷயம் மட்டும் பார்த்துச் சொல். கிளெமில்டா இன்னும் மருந்துக்கடை மூலையில்தானா? டோனியோ கண் ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்துவிட்டானா? இரட்டையர்களில் யார் கடையை வைத்திருக்கிறான், நெல்சீரா, நெல்வானா?

பாட்டின் வெறும் இசை பக்கத்து வீட்டுக்காரரிடம் இருக்கும். வாங்கி ஒரு சிடியில் போட்டு அசிஸிடம் கொடு. இங்கே தெருக்கம்ப ஸ்பீக்கர்களில் அறிவிப்புச் செய்கிற நசரேனோவிடம் நல்ல மைக் இருக்கிறது. சாவு அறிவிப்புக்கும் ஐஸ் விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம் எனக்குத் தருகிறேன் என்றிருக்கிறார்.

மரினால்வா


பெலேம், 5 செப்டம்பர் 2004

மரினால்வா,

உன் கடிதத்தைக் கடையிலேயே நின்று படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெனே "என்னப்பா?" என்றான். "ஒண்ணுமில்ல, உனக்குத்தான்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

இசை இதோடு வருகிறது. ரெண்டு சிடியாகப் போட்டிருக்கிறேன், ஒன்று கீறல் விழுந்தாலும் இன்னொன்று இருக்கும். கிளெமில்டா அதே மூலைதான். டோனியோ வந்துவிட்டான், இப்போது கண் நன்றாகத் தெரிகிறது, அதனால் முன்பைவிட அதிகமாகச் சண்டை போடுகிறான். இரட்டையர்களில் நெல்வான். நெல்சீர் பஸ் ஓட்டப் போய்விட்டான்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. இருநூறு வெறும் சிடி வாங்கி அடுக்கி வைத்திருக்கிறேன்.

கேட்காவிட்டாலும் சொல்லி வைக்கிறேன், என் கடையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தபால் பெட்டிக்கு எதிரே, நீலத் தார்ப்பாய். ஞாபகத்துக்காகச் சொன்னேன்.

ஒரிவால்டோ


பிரெவெஸ், 11 செப்டம்பர் 2004

ஒரிவால்டோ,

முடிந்தது. இதோடு இருக்கிறது. நாலு தடவை பாடினேன், நாலாவதுதான் இது. மூன்றாவது நடுவில் பக்கத்து வீட்டுச் சேவல் கூவிவிட்டது. நசரேனோ "அதுவும் நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டுமே" என்றார். சேவலுக்கு என் பாட்டில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

முதலில் பெனேவிடம் கொடு, அவன் வாய் பத்துத் தட்டி கட்டியதற்குச் சமம். அப்புறம் எல்லாருக்கும் ஒன்றொன்று, சும்மா. விற்காதே. அவர்களே காப்பி போட்டுக்கொள்ளட்டும்.

கொடுப்பதற்கு முன்னால் நீ ஒரு தடவை முழுசாகக் கேள்.

மரினால்வா


பெலேம், 20 செப்டம்பர் 2004

மரினால்வா,

கேட்டேன். முழுசாகக் கேட்டேன்.

கடையைத் திறக்கும் முன்னால், ஹெட்போன் போட்டுக்கொண்டு. "நான் மரினால்வா" என்று தொடங்கியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க விரும்பவில்லை. கிடார் இடம் வந்தது. "மீன் நாத்தத்தையும் பாட்டா மாத்துற பெனே." "மருந்துக்கடை மூலை மகாராணி கிளெமில்டா." "ரெண்டு கண்ணும் தெறக்குது, இனிமே யாரையும் விடமாட்டான், டோனியோ." நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். இருபத்திரண்டு, இருபத்திமூன்று. தபால் பெட்டியும் நீலத் தார்ப்பாயும் இப்போது வரும் என்று காத்திருந்தேன். இருபத்தாறாவதாகக் குடைக்காரன் ஷிக்கோ வந்தான். அவன் சிடியே விற்பதில்லை! குடை விற்கிறான்! அப்புறம் மறுபடி பாட்டு, கடைசியில் உன் பேர், முடிந்துவிட்டது.

ஒருவேளை எனக்குத்தான் காதில் விழவில்லையோ என்று இன்னும் ரெண்டு தடவை கேட்டேன். இல்லை. நான் இல்லை.

கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எட்டு ரைட்டரிலும் வெறும் சிடி சொருகினேன். ரெண்டு நாள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. இருநூறும் தீர்ந்தது, இன்னும் நூறு வாங்கினேன்.

பெனேவிடம் முதலில் கொடுத்தேன். அவன் தன் ஸ்பீக்கரில் போட்டான். தன் பேர் வந்ததும் அப்படியே நின்றுவிட்டான். "அட! இது நம்ம மரினால்வா இல்ல? என்னையச் சொல்றா! டேய், என்னையச் சொல்றாடா!" என்று வீதி முழுக்க ஓடினான். பத்து நிமிஷத்தில் கடைக்காரர்கள் எல்லாரும் என் தார்ப்பாய்க்குக் கீழே. அந்த நேரம் பார்த்து மதிய மழை பிடித்துக்கொண்டது, யாரும் போகவில்லை. ஒவ்வொருத்தர் பேர் வரும்போதும் மற்றவர்கள் அவர் முதுகில் அடித்தார்கள். கிளெமில்டா "மகாராணியாம், என்னை என் புருஷன்கூட அப்படிச் சொன்னதில்ல" என்று அழுதாள். டோனியோ, "மார்ச்சுல நாம சிரிச்சோம், ஞாபகம் இருக்கா?" என்றான்.

இப்போது வீதியில் நடக்கவே முடியவில்லை. எல்லாக் கடையிலும் நீதான். அவரவர் பேர் வரும் இடத்தில் அவரவர் சவுண்டைக் கூட்டுகிறார்கள், அதனால் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போவதற்குள் பாட்டு ஏறி ஏறி இறங்குகிறது. பழைய 31-ஐக் கேட்டால் "அது பழசும்மா, அதுல நான் இல்ல" என்கிறார்கள். வாங்குகிறவர்களும் "மரினால்வா இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். ஏழு என்ற பேச்சே இல்லை.

நேற்று ஜுருனாஸில் சுயெலேன் மேடையேறினாள். அங்கேயிருந்த டிஜே தெரியாமல் புது சிடியைப் போட்டுவிட்டான். முதல் வார்த்தைக்கே அவள் வாய் திறக்கவில்லை. ஆடிச் சமாளித்தாள். கிடார் இடத்தில் "பெனே" என்று வந்ததும், கூட்டத்தில் நின்ற பெனே, "இங்கதான் இருக்கேன்! கூப்பிட்டியே, வாயத் தொறந்து கூப்பிடு பாப்போம்!" என்று கத்திவிட்டான். பாவம், அவளே சிரித்துவிட்டாள். மைக்கை வாங்கி, "நான் ஆடுறவ, பாடுறவ இல்ல. பாடுறவளைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நல்ல பெண்தான்.

இன்று காலை வால்சீர் அவனே கடைக்கு வந்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்:

"உன் பொண்டாட்டி எல்லார் பேரையும் சொல்றாளே. என் பேர் எங்கப்பா?"

"நீ அவளை மேடைல கூப்பிடு. அவ உன்னைப் பாட்டுல கூப்பிடுவா."

எனக்கே தெரியாமல் வந்துவிட்டது, உன்னைப்போலப் பேச ஆரம்பித்துவிட்டேன். தட்டிகளை மாற்றி எழுதச் சொல்லிவிட்டான். ஞாயிறு மதியம் மூன்று மணி, 'மரினால்வா, நேரில்'.

வேலை முடிந்தது. இப்போது எனக்காக ஒன்று கேட்கிறேன். ஷிக்கோ பேர்கூட இருக்கிறது. என் பேர் எங்கே, மரினால்வா?

ஒரிவால்டோ


பிரெவெஸ், 23 செப்டம்பர் 2004

ஒரிவால்டோ,

எப்படி இருந்தது? கடைசி வரை காத்திருந்து, நம் பேர் வராமல் பாட்டு முடிந்துபோனால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்ததா? எனக்கு அது துறையில், பழக்கூடையோடு நிற்கும்போது நடந்தது. உனக்கு ஸ்டூலாவது இருந்தது.

அந்தக் கணக்கு தீர்ந்தது. ஆனால் உன் பேரைப் பழி வாங்க மட்டும் விடவில்லை. கடைக்காரர்கள் எல்லாரும் தங்கள் பேருக்காகக் காப்பி போடுவார்கள், அது எனக்குத் தெரியும். பேரே இல்லாத ஒருத்தன் எனக்காகப் போடுவானா என்பதுதான் தெரியவில்லை. அதனால்தான் கொடுப்பதற்கு முன்னால் முழுசாகக் கேள் என்று எழுதினேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே அசிஸ் வந்து சொல்லிவிட்டான்: "உன் ஆளு ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம மெஷின் முன்னாடி உக்காந்திருக்கான். சிடி மட்டும் போட்டுக்கிட்டே இருக்கான்." நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். அக்கா பார்க்காத மாதிரி இருந்தாள்.

உன் ஆகஸ்ட் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கும் இதுதான் பதில்.

சனிக்கிழமை சாயங்காலம் 'நதி ராணி'யில் ஏறுகிறேன். ஞாயிறு காலை பெலேம். கடையில் நிற்க வரவில்லை, பாட வருகிறேன், அதைத் தெளிவாகப் புரிந்துகொள். வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை நான் மேடையில் இருப்பேன், நீ கூட வரலாம். மஞ்சள் காகிதத்தை இனி நீயே வெட்டிக்கொள். தூளியை எடுத்து வருகிறேன். அதைக் கொக்கியில் மாட்டுவதா வேண்டாமா என்று, பாடி முடித்த பிறகு முடிவு செய்வேன்.

துறைக்கு வரும்போது அந்த இன்னொரு செருப்பை மறக்காமல் கொண்டு வா. ஒற்றைச் செருப்போடு மேடையேற முடியாது.

கூட்டத்தில் எங்கே நிற்பது என்று தேடாதே. எங்கே வேண்டுமானாலும் நில். படகு கரையை ஒட்டுவதற்கு முன்பே மேல்தட்டில் நின்று உன் பேரைக் கூப்பிடுவேன். மீன் கூவி விற்கிற குரல்தானே, சந்தை முழுக்கக் கேட்கும்.

மரினால்வா